உதவி: கேமிங் லேப்டாப் விசிறி கரகரக்கிறது, பிறகு லேப்டாப் தானே அணைந்துவிடுகிறது

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நண்பர்களே, அவசரம். லேப்டாப்பில் விசிறிச் சத்தம் தாங்க முடியவில்லை. விளையாட்டைத் திறந்த சிறிது நேரத்தில் படம் திக்கித் திணறுகிறது, பிறகு ஒரேயடியாக அணைந்துவிடுகிறது. விண்டோஸை மறுபடி நிறுவியும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை குழுப் போட்டி இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

சாலிடர்:
என்ன பிராசசர், என்ன கிராபிக்ஸ்? உத்தரவாதம் இருக்கிறதா? சத்தம் எப்படிப்பட்டது? முழு வேகத்தில் சுற்றும் இரைச்சல் வேறு, எதிலோ உரசும் கரகரப்பு வேறு.

குளிர்நிலா:
பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. பேஸ்ட்டை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வெப்பமானி:
மாடல் தெரியாது, வெப்பநிலை தெரியாது, அதற்குள் மருந்துச் சீட்டு எழுதியாயிற்று. தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இங்கே எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சலித்துவிட்டேன். வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளை நிறுவுங்கள். விளையாடும்போது பிராசசர் எத்தனை டிகிரி, இரண்டு விசிறிகளும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

ஆனைமலை:
எங்கே வைத்து விளையாடுகிறீர்கள்? ஜன்னல் பக்கமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஐ7 12700எச், ஆர்டிஎக்ஸ் 3060. உத்தரவாதம் முடிந்துவிட்டது. பிராசசர் 100 டிகிரி காட்டுகிறது. ஒரு விசிறி 5,400 சுற்று, மற்றது 0. இடப்பக்கத் துளையில் காற்றே வரவில்லை. லேப்டாப்பைப் போட்டவுடன் அந்தப் பக்கம் கரகரவென்று இழுத்து நின்றுவிடுகிறது. மேஜை ஜன்னலோரம்தான். ஜன்னலுக்கு வெளியே நார் மில் களம்.

வெப்பமானி:
இந்த 0 என்ற எண்ணை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேருக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த பிராசசருக்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்குவது அதனால். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் சூட்டைக் கடத்தும் செப்புக் குழாய்கள் பொது. ஒரு விசிறி நின்றால் அந்தச் சூடும் மற்ற விசிறியின் தலையில்தான் விழும். நீங்கள் கேட்கும் பெரிய இரைச்சல் நல்ல விசிறியுடையது. விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனைமலை:
நார் மில் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூள் மிக லேசானது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது களத்தில் காய்வதெல்லாம் பறந்து வரும். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. விசிறி அதை இழுத்து உள்ளே தள்ளும்போது, விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோலப் படிந்துவிடும். வெளியிலிருந்து துளையைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். கூடவே மெல்லிய நார் இழை ஒன்று இறக்கைக்கு அடியில் போய் அச்சில் சுற்றிக்கொண்டால் விசிறி உங்களுடையதைப்போல இழுத்து நின்றுவிடும்.

திறக்கும்போது கவனம் தேவை. சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். விசிறியின் இணைப்பியை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் இணைப்பியையே நெம்புங்கள். விசிறியைத் தனியே கழற்றினால்தான் தகடுகளின் உட்பக்கம் தெரியும். படிந்திருப்பதைப் பிரஷ்ஷால் எடுங்கள். ஊதினால் இன்னும் ஆழமாகப் போய்விடும். பிறகு மற்ற விசிறிக்குக் காற்றடிக்கும்போது இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

தையல்கடை:
இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கடையில் எத்தனையோ விசிறிகளை அப்படித்தான் ஓட வைத்திருக்கிறேன்.

சாலிடர்:
அண்ணா, மேஜை விசிறிக்கு அது சரி. 5,000 சுற்று ஓடும் லேப்டாப் விசிறியில் அந்த எண்ணெய் தெறித்து போர்டில் விழும். மீதி எண்ணெயில் தூள் ஒட்டிச் சாந்தாகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

சித்தூர்ப்புழை:
மூலகாரணத்தை யாரும் பேசவில்லையே. களத்தில் தூளை மூடாமல் காய வைப்பதுதான் குற்றம். லேப்டாப்பில் போவது அந்த வீட்டுக் குழந்தைகளின் மூக்கிலும் போகிறது.

மட்டைக்களம்:
எங்கள் வீட்டில் மூன்று பேர் நார் மில் வேலையில்தான் சாப்பிடுகிறோம். தென்னையில் நோய் வந்து காய்ப்புக் குறைந்த பிறகு இந்தப் பக்கம் பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. ஜன்னலை மூடி வைப்பது அவ்வளவு கடினமா?

சித்தூர்ப்புழை:
பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. தார்ப்பாய் போடுங்கள், தண்ணீர் தெளியுங்கள் என்கிறேன். மேட மாத (சித்திரை) வெயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

மட்டைக்களம்:
காய வைத்ததன் மேல் தண்ணீர் தெளித்தால் மறுபடி யார் காய வைப்பது? களத்தில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மட்டுறுத்துநர்:
இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த உரையாடல் விசிறிக்கானது. அதற்குத் தனி உரையாடல் தொடங்குங்கள்.

குளிர்நிலா:
எப்படியும் திறக்கத்தானே போகிறார், பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம்.

சாலிடர்:
அவருடைய லேப்டாப்பில் விசிறிகள் மட்டும் தனியே கழன்றால் ஹீட்சிங்கை, அதாவது அந்தச் செப்புக் குழாய், தகடு அமைப்பைத் தொடவே வேண்டாம். சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்திருப்பார்கள். தெரியாமல் எடுத்தால் போர்டில் வழிந்து ஷார்ட் ஆகும்.

தம்பி, போட்டிக்குள் முடியாவிட்டால் ஒரு தற்காலிக வழி உண்டு. விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குங்கள். பிராசசர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும், சூடு நன்றாகக் குறையும். படத்தின் வேகம் கொஞ்சம் குறையலாம். ஒற்றை விசிறியோடு நெடுநேரம் ஓட்டாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
திறந்தேன். ஆனைமலை அண்ணா சொன்னதேதான். தகடுகளில் பழுப்பு நிறத்தில் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அச்சில் நார் சுற்றியிருந்தது. எடுத்த பிறகு இடது விசிறி சுற்றுகிறது, ஆனால் கரகரப்பு போகவில்லை. பிராசசர் இப்போது 86. பாலக்காட்டில் ஒரு கடையில் புது விசிறி சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

வெப்பமானி:
கரகரப்பு இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. விசிறியின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணைக் கொடுத்தீர்களா? இடது, வலது இரண்டுக்கும் எண் வேறு. 5 வோல்ட், 12 வோல்ட் என்றும் இரண்டு வகை உண்டு. கடைக்காரர் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆனைமலை:
தம்பி, எண்ணைப் பார்த்துவிட்டீர்களா?

சாலிடர்:
பணம் கொடுப்பதற்கு முன் பழைய விசிறியைக் கையோடு கொண்டுபோய் இணைப்பியின் நான்கு வயர்களின் வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.