அறுதியிலாச் சூழல் முடிவெடுப்பு: ஒரு சொல் முன்மொழிவு

அண்ணன் அவர்களுக்கும் தேவகோட்டை ஆச்சி அவர்களுக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (borderline personality disorder: உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாத மனநலக் கோளாறு) உடையவர்கள், விளைவு இன்னதென்று தெரியாதபோது எவ்வாறு முடிவெடுக்கிறார்கள் என்னும் ஆய்வுப்பொருளுக்குத் தமிழ்ச்சொல்லாக அண்ணன் முன்வைத்த ‘தடுமாற்ற முடிவெடுப்பு’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தடுமாற்றம் ஆளைச் சுட்டுகிறது. ஆய்வாளர்கள் பேசுவதோ ஆளின் எதிரே நிற்கும் நிலைமையைப் பற்றி. மேலும், இக்கோளாறு உடையவர்களிடம் பெரிதும் பேசப்படுவது தயக்கமன்று, உணர்ச்சி கொதிக்கும் வேளையில் சட்டென்று எடுத்துவிடும் முடிவு. ஆச்சியின் ‘ஐயநிலை’யும் சரிவராது: மன நெருக்கடியில் பிறர்மீது தோன்றி மறையும் ஐயுறவு, இக்கோளாற்றுக்கு வகுத்த ஒன்பது அடையாளங்களுள் ஒன்றில் இடம்பெறுவதால், படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். (‘விளிம்புநிலை ஆளுமை’ என்று எழுதுவோரும் உளர், ஒடுக்கப்பட்டோரைக் குறிக்க நிலைத்துவிட்ட சொல்லை நோய்ப்பெயராக்குவது முறையன்று.)

பெச்சாரா, டமாசியோ முதலிய நரம்பியல் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட அயோவா சூதாட்டச் சோதனையில் நான்கு சீட்டுக்கட்டுகள் உண்டு. இரண்டில் பெருந்தொகை வந்தாலும், இடையிடையே விழும் அபராதத்தால் கடைசியில் நட்டமே மிஞ்சும். மற்ற இரண்டில் வரவு சிறிது, முடிவில் லாபம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எடுத்து எடுத்துத்தான் உணர வேண்டும். பகடையில் அப்படியன்று, ஆறில் ஒன்று என்பது உருட்டுமுன்பே தெரியும். நட்டக் கட்டுகளை விட்டு இக்கோளாறு உடையவர்கள் எளிதில் விலகுவதில்லை என்று சில ஆய்வுகள் கண்டன, வேறு சில அவ்வளவு வேறுபாடு காணவில்லை. சீட்டுக்கும் பகடைக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காட்ட ‘நிகழ்தகவு அறிந்த’, ‘நிகழ்தகவு அறியா’ என்று இரு கிளைச்சொற்கள் தேவை.

இரண்டுக்கும் பொதுவாக ‘அறுதியிலாச் சூழல் முடிவெடுப்பு’ என்பதை முன்மொழிகிறேன். ‘உறுதியின்மை’ என்றால் மனவுறுதி இல்லாதவர் என்று பழி விழும். நம் பக்கத்துப் பத்திரங்களில் ஒற்றியிலிருந்து பிரித்து அறுதிக் கிரயம் என்று எழுதும்போது, அறுதி என்பது வாங்கியவர் மனத்தை அன்று, மீட்க இனி வழியில்லாதபடி கொடுக்கல் வாங்கல் முடிந்துவிட்டதையே குறிக்கிறது.

சூழல் என்பதில் எதிரிலிருக்கும் மனிதரும் அடங்குவார் என்று விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். நம்பிக்கை ஆட்டத்தில் ஒருவர் முதல் போடுவார், அது பெருகி மற்றவரிடம் சேரும், அதில் எவ்வளவு திருப்பித் தருவது என்பது மற்றவரின் விருப்பம். 2008இல் வெளிவந்த அத்தகைய ஆய்வில், முதல் போடுபவர் தொகையைக் குறைத்தபோது, தாராளமாகத் திருப்பித் தந்து அவரை மீண்டும் இணக்கும் போக்கு இக்கோளாறு உடையவர்களிடம் குறைந்திருந்தது; அங்கே அறுதியற்றிருந்தது சீட்டன்று, இன்னொருவரின் எண்ணம்.