அக்காவுக்கு சோரியாசிஸ், புது மாத்திரை ட்ரயல்ல சேரச் சொல்றாங்க, சேரலாமா?

பவானி_கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அக்காவுக்கு 31 வயசு, சோரியாசிஸ் வந்து பல வருஷம் ஆச்சு. முதல்ல தலையில பொடுகுன்னு நெனச்சு ஷாம்பு மாத்தி மாத்திப் போட்டாங்க, அப்புறம் முழங்கை, முழங்கால், இப்ப முதுகு பூராவும் செதில் செதிலா உதிருது. வீட்லயே டெய்லரிங் பண்றாங்க, ப்ளவுஸ் தைக்கக் குடுக்க வர்றவங்க கையப் பாத்துட்டு ஒட்டிக்குமான்னு கேக்கறாங்க, சில பேரு கேக்காமயே அடுத்த தடவ வேற கடைக்குப் போயிடறாங்க. எதிர்ப்பு சக்திய அடக்குற மெத்தோட்ரெக்சேட் மாத்திரைய வாரத்துல ஒரு நாள் எடுக்கறாங்க, கூட ஃபோலிக் ஆசிட். கொஞ்சம் பரவால்ல, ஆனா முழுசா போகமாட்டேங்குது.

இப்ப செக்கப் போனப்ப டாக்டரம்மா, புதுசா ஒரு மாத்திரைக்கு ரிசர்ச் நடக்குது, தகுதி இருந்தா நீயும் சேரலாம், மருந்து டெஸ்ட் எல்லாம் ஃப்ரீன்னு சொல்லி ஒரு கத்தை பேப்பரக் குடுத்து அனுப்பிட்டாங்க. எல்லாமே இங்கிலீஷ். நான் படிச்சவரைக்கும் சில பேருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை குடுப்பாங்களாம், யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். அம்மா இதக் கேட்டதுல இருந்து எம்புள்ளைய எலியாக்கப் பாக்கறாங்கன்னு ஒரே அழுகை. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணுங்க, இதுல சேர்றது பாதுகாப்பா, இன்னொன்னு இத்தன வருஷமா ரிசர்ச் பண்றாங்களே, இந்த நோய் ஏன் வருதுன்னாவது கண்டுபிடிச்சாங்களா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேது_மதுரை:
தம்பி, நானும் சோரியாசிஸ்காரன்தான். அம்மாகிட்ட மொதல்ல இது தொட்டா ஒட்டுற நோய் இல்லன்னு உக்கார வச்சுச் சொல்லுங்க, கஸ்டமருக்கும் அதயே சொல்லச் சொல்லுங்க அக்காவ, கூச்சப்படவே வேணாம்.

ட்ரயல் பத்தி எனக்கு ரொம்பத் தெரியாது, நான் இப்ப செக்யூகினுமாப் ஊசியில இருக்கேன், தோலு நல்லாவே சுத்தமாயிருச்சு. ஊசி ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே, டிபி டெஸ்ட், மஞ்சக்காமாலை வைரஸ் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. நம்ம ஊர்ல நெறைய பேரு ஒடம்புக்குள்ள டிபி கிருமி தூங்கிட்டுத்தான் இருக்குமாம், சில ஊசி போட்டா அது முழிச்சுக்குமாம், குறிப்பா ஒடம்புல அழற்சியத் தூண்டுற டிஎன்எஃப்ங்கிற பொருள அடக்குற பழைய ஊசிங்க. அதனால எந்த ட்ரயலா இருந்தாலும் டிபி டெஸ்ட் பண்ணாம மருந்து குடுத்தா வாங்காதீங்க.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். இதுக்கு முன்னாடி ஒரு எடத்துல எனக்கு பேர் போடாத மாத்திரைய பொட்டலமா மடிச்சுக் குடுத்தாங்க, அவ்வளவு சீக்கிரம் குணமாச்சு, ஊரெல்லாம் அவரப் பத்திச் சொன்னேன். மாத்திரை தீந்து போயி வாங்கப் போகல, கொஞ்ச நாள்ல ஒடம்பு முழுக்கச் செவந்து சீழ்ப் பொட்டு பொட்டா வந்து குளிர்க்காய்ச்சலோட அட்மிட் ஆனேன். அது ஸ்டீராய்டுன்னு அங்கதான் சொன்னாங்க. சோரியாசிஸ்ல ஸ்டீராய்டு மாத்திரைய டக்குன்னு நிறுத்துனா இப்படித்தான் வெடிக்குமாம். ட்ரயல்ல எலியாக்குறாங்கன்னு அம்மா பயப்படுறாங்க, ஆனா அங்க மருந்து பேரு, அளவு, பக்கவிளைவு எல்லாம் பேப்பர்ல இருக்கு. எனக்குப் பொட்டலம் குடுத்தவரு எந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்குனாரு?

முன்னாள்_கோஆர்டினேட்டர்:
நான் சில வருஷம் தோல் நோய் ட்ரயல்கள்ல கோஆர்டினேட்டரா வேலை பாத்தேன், இப்ப இல்ல, அதனால எந்த கம்பெனிக்கும் ஆள் சேக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

பிளாசிபோ பத்தி. உங்க பேப்பர்ல என்ன டிசைன்னு பாக்காம சொல்ல முடியாது, ஆனா வெளிவந்த ஒரு ட்ரயல வச்சு சொல்றேன். டியூக்ராவாசிடினிப்னு ஒரு மாத்திரை, 2022-ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சது. அதோட ஒரு பெரிய ட்ரயல்ல 666 பேர், ரெண்டு பங்கு பேருக்கு புது மருந்து, ஒரு பங்குக்கு பிளாசிபோ, ஒரு பங்குக்கு ஏற்கனவே மார்க்கெட்ல இருந்த அப்ரெமிலாஸ்ட்ங்கிற சோரியாசிஸ் மாத்திரை. 16 வாரம் முடிஞ்சதும் பிளாசிபோல இருந்தவங்களயும் புது மருந்துக்கு மாத்திட்டாங்க. சோரியாசிஸ் ட்ரயல்ல பெரும்பாலும் இப்படித்தான், பிளாசிபோவுலயே கடைசிவரை விட்டுற மாட்டாங்க. உங்க பேப்பர்ல எத்தனை வாரம், அப்புறம் மாத்துவாங்களான்னு தேடுங்க.

ரிசல்ட்டயும் கேளுங்க. நோய் எவ்வளவு பரவியிருக்கு, எவ்வளவு செவப்பு, தடிப்பு, செதில்னு சேத்து 0-ல இருந்து 72 வரை ஒரு ஸ்கோர் போடுவோம், பாசின்னு சொல்லுவோம், அது முக்கால்வாசி கொறஞ்சா பாசி 75. அந்த ட்ரயல்ல 16-வது வாரம் பாசி 75 தொட்டவங்க புது மாத்திரையில 58.4%, அப்ரெமிலாஸ்ட்ல 35.1%, பிளாசிபோல 12.7%. அந்தக் கடைசி நம்பரப் பாருங்க. ஒண்ணுமில்லாத மாத்திரைய சாப்பிட்டே எட்டுல ஒருத்தருக்கு முக்கால்வாசி போயிருக்கு! இந்த நோய் தானா ஏறும் தானா எறங்கும், சீசன் மாறும், ட்ரயலுக்கு வர்றவங்க ஒழுங்கா மாய்ஸ்சரைசர் போடுவாங்க. பிளாசிபோ குரூப் இல்லன்னா அந்த எட்டுல ஒருத்தரயும் மருந்துக் கணக்குலதான் எழுதியிருப்பாங்க.

பாதுகாப்பு: 2019 க்ளினிகல் ட்ரயல் விதிகள் படி ட்ரயல்ல பாதிப்பு வந்தா இலவச சிகிச்சை, ட்ரயலாலதான்னு ஆனா நஷ்ட ஈடு. இந்தியாவுல ட்ரயல் நடத்துனா சிடிஆர்ஐங்கிற அரசு பதிவேட்டுல 2009-ல இருந்து கட்டாயம் பதிவு பண்ணணும், டாக்டரம்மாகிட்ட அந்த நம்பரக் கேட்டு வாங்கி நீங்களே நெட்ல போட்டுப் பாக்கலாம், நம்பர் இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. அப்புறம் இங்கிலீஷ் பேப்பர் மட்டும் குடுத்தா போதாது, நோயாளிக்குப் புரியுற பாஷையில குடுத்தே ஆகணும், தமிழ்ப் பேப்பர் கேளுங்க, அது உங்க உரிமை. கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு உங்க கையில இருக்கணும். எப்ப வேணா வெளிய வரலாம், அதுக்காக வழக்கமான வைத்தியத்த நிறுத்த முடியாது.

ஒரு கஷ்டம் இருக்கு, அத யாரும் மொதல்லயே அழுத்திச் சொல்ல மாட்டாங்க. மெத்தோட்ரெக்சேட்ட பொதுவா நாலு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. அதுக்கு மேல பிளாசிபோ பக்கம் விழுந்தா பல வாரம் மருந்தே இல்லாம போகும், நோய் ஏறலாம். அக்காவுக்கு மூட்டு வலி இருக்கா? காலையில விரல் மடக்க முடியாம இருக்கா? இருந்தா அதக் கட்டாயம் சொல்லணும், மெத்தோட்ரெக்சேட் மூட்டையும் சேத்துத்தான் அடக்கி வச்சிருக்கும்.

தாமிரபரணி_பெரியவர்:
இத்தனை குழப்பம் எதுக்கு. காளாஞ்சகப்படைக்கு, அதான் நீங்க சொல்ற சோரியாசிஸுக்கு, நம்ம சித்த வைத்தியத்துல வெட்பாலை எலைய தேங்காண்ணெயில போட்டு வெயில்ல வச்சா ஊதா நிறமா எறங்கும், அதத் தடவிட்டு வெயில்ல நின்னா போதும். எங்க பக்கத்துல பல பேருக்கு கொறஞ்சிருக்கு. வெளிநாட்டுக்காரன் மருந்துக்கு நம்ம புள்ள ஏன் சோதனைப் பொருளாகணும்.

டி_செல்_ரசிகன்:
ஐயா, வெட்பாலை தைலத்த நான் கிண்டல் பண்ண மாட்டேன், ஆனா மேல அந்த 12.7%ஐ ஒருக்கா பாத்துட்டு வாங்க. பல பேருக்கு கொறஞ்சதுங்கிறதுல எத்தன பேருக்கு தானா கொறஞ்சிருக்கும்னு கேக்காம சொல்ல முடியாது. அதோட வெயில்ல நிக்கச் சொல்றீங்க பாருங்க, வெயிலே ஒரு மருந்து, 311 நானோமீட்டர் அலைநீளத்துல யூவி-பி லைட் குடுக்கறத ஆஸ்பத்திரியிலயே பண்றாங்க. தைலம் பாதி வெயில் பாதியா இருக்கலாம்ல.

பழைய மருந்துல விஷயம் இல்லன்னு நெனக்காதீங்க. நிலக்கரித் தார் தடவி லைட் காட்டுறத 1925-லயே அமெரிக்காவுல மேயோ க்ளினிக்ல கோக்கர்மேன்ங்கிற டாக்டர் எழுதிட்டாரு. அது எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்ப காலம் யாருக்கும் சரியாத் தெரியல. 2013-ல நெதர்லாந்துக் குழு ஒண்ணு எக்ஸிமாங்கிற அரிப்பு நோய் இருக்குறவங்க தோல் செல்லுல பாத்து, தார் ஒரு குறிப்பிட்ட ரிசெப்டர, அதாவது செல்லுல சிக்னல் வாங்குற புரதத்த, தட்டி விடுதுன்னு காட்டுனாங்க. அதே ரிசெப்டரத் தட்டுற டாபினரோஃப்னு ஒரு க்ரீம் 2022-ல சோரியாசிஸுக்கு அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, இத்தனைக்கும் அது மொதல்ல கெடைச்சது மண்ணுல இருக்குற நுண்புழுவோட வாழுற ஒரு பாக்டீரியாவுல இருந்து. வெட்பாலைக்கும் இந்த மாதிரி ஒழுங்கா ட்ரயல் நடக்கட்டும், நான்தான் மொதல்ல கை தட்டுவேன், ஆனா அந்த ட்ரயலுக்கும் நம்ம புள்ளைங்கதான் வரணும் ஐயா.

கார்த்தி, ஏன் வருதுன்னு கேட்டீங்க, இதுதான் எனக்குப் பிடிச்ச கதை. ரொம்ப வருஷம் இது தோல் செல்லோட கோளாறுன்னே நெனச்சிருந்தாங்க, ஏன்னா சாதாரணமா ஒரு மாசம் போல எடுத்து மேல வர்ற செல்லு இங்க சில நாள்லயே மேல வந்து செதிலா குவியுது. 1979-ல உறுப்பு மாற்று சிகிச்சைக்கான சைக்ளோஸ்போரின மூட்டு வாத நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தப்ப, அதுல சோரியாசிஸ் இருந்தவங்களுக்கு தோலும் சுத்தமாச்சு. அந்த மருந்து டி செல்லுங்கிற எதிர்ப்பு அணுக்கள அடக்குறது. அப்ப பிரச்சனை ஆரம்பிக்குறது தோல்ல இல்ல, எதிர்ப்பு சக்தியிலன்னு பார்வையே மாறுச்சு. அப்புறம்தான் ஐஎல்-23ங்கிற சிக்னல், அது தூண்டி விடுற செல்லு விடுற ஐஎல்-17ன்னு சங்கிலி தெரிஞ்சது, சேது அண்ணன் போடுற ஊசி அந்த ஐஎல்-17ஐப் பிடிச்சு நிறுத்துறது. இதுல சுவாரஸ்யம் என்னன்னா பல இடத்துல மருந்துதான் காரணத்தக் காட்டிக் குடுத்துச்சு. ஐஎல்-17ஐ அடக்குனா 2014-ல வந்த ட்ரயல்ல 12 வாரத்துல பாசி 75 தொட்டவங்க 81.6%, பிளாசிபோல 4.5%. அவ்வளவு வித்தியாசம் வந்தப்புறம் அதுதான் முக்கியக் கண்ணின்னு சந்தேகமே இல்லாம போச்சு.

ஆனா மொதப் பொறி எதுங்கிறது ஆளாளுக்கு வேற. எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட எச்எல்ஏ-சிங்கிற ஜீன்ல ஒரு வகை இருந்தா வாய்ப்பு அதிகம், ஆனா அது இருக்குற பெரும்பாலான பேருக்கு நோய் வர்றதே இல்ல. தொண்டையில ஸ்ட்ரெப் கிருமி வந்தப்புறம் மழைத்துளி மாதிரி திட்டு வரும் சில பசங்களுக்கு. மனநல நோய்க்குக் குடுக்குற லித்தியம், சில பிரஷர் மாத்திரைங்க, மலேரியா மாத்திரைங்க கிளப்பி விடும். அடிபட்ட, சொறிஞ்ச எடத்துலயே புதுசா வரும். எடை, சிகரெட், தண்ணி எல்லாம் சேரும். ஊசிய நிறுத்துனா பழைய எடத்துலயே திரும்ப வருதுல்ல, அதுக்கு அந்தத் தோலுலயே நினைவு டி செல்லுங்க தங்கிடுதுன்னு சொல்றாங்க, இப்ப ரிசர்ச் சூடா இருக்குறது அங்கதான். நோய் வந்து ரொம்ப வருஷம் ஆகறதுக்குள்ள நல்ல மருந்து குடுத்தா அந்த நினைவு உக்காராம தடுக்க முடியுமான்னு ட்ரயல் பண்ணிட்டு இருக்காங்க.

எல்லாம் வெற்றிக் கதையும் இல்ல. எஃபாலிசுமாப்னு ஒரு ஊசி 2003-ல வந்துச்சு, தோல் நல்லாத்தான் ஆச்சு, மூளையத் தாக்குற அபூர்வமான வைரஸ் நோய் சில பேருக்கு வந்ததால 2009-ல எடுத்துட்டாங்க. அந்த மாதிரி அபூர்வ விளைவு சில நூறு பேரு இருக்குற ட்ரயல்ல தெரியவே தெரியாது, அதனால உங்க அம்மாவோட பயம் முட்டாள்தனம் இல்ல.

பவானி_கார்த்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூட்டு வலி இல்லைங்கறாங்க. தமிழ்ப் பேப்பர் கேட்டு வாங்கிட்டோம், அக்காவே உக்காந்து படிச்சாங்க. அதுல குழந்தைக்கு முயற்சி பண்றவங்க சேர முடியாதுன்னு போட்டிருக்கு. மாமாவும் அக்காவும் இந்த வருஷம் குழந்தைக்குப் பாக்கலாம்னு பேசிட்டு இருந்திருக்காங்க, எங்க யாருக்கும் சொல்லல, டாக்டரம்மாகிட்டயும் சொல்லல. இப்ப என்னங்க பண்றது?

முன்னாள்_கோஆர்டினேட்டர்:
அப்போ ட்ரயல் கேள்வியே அப்புறம். இன்னிக்கே டாக்டரம்மாவுக்கு போன் பண்ணுங்க, ஏன்னா அக்கா இப்ப எடுத்துட்டு இருக்குற மெத்தோட்ரெக்சேட்டே கருவுக்கு ஆகாது. நிறுத்தி சில மாசம் கழிச்சுதான் முயற்சி பண்ணச் சொல்லுவாங்க, எத்தன மாசம்னு அவங்கதான் சொல்லணும், அதுவரைக்கும் கர்ப்பத்தடை கட்டாயம். நாள் தள்ளிப் போயிருந்தா மொதல்ல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் அடுத்த டோஸ் பத்திப் பேசுங்க. அசிட்ரெட்டின்ங்கிற வேற சோரியாசிஸ் மாத்திரைய மாத்தி எழுதுனா குழந்தை ஆசை இருக்குன்னு சத்தமாச் சொல்லுங்க, அத நிறுத்துன பின்னாடியும் 3 வருஷம் கர்ப்பம் கூடாது.

அந்த நேரத்துக்கு வழி இருக்கு. மேல சொன்ன யூவி-பி லைட் கர்ப்பத்துலயும் குடுக்கலாம், ஃபோலிக் ஆசிட்ட மட்டும் விடாம பாத்துக்குவாங்க. கெட்டியான மாய்ஸ்சரைசர், அளவா ஸ்டீராய்டு க்ரீம். இன்னும் தேவைப்பட்டா செர்டோலிசுமாப்னு ஒரு ஊசி, நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைக்கு அது போறது இல்லவே இல்லைங்கற அளவுக்குத்தான்னு தனியா ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. நிறைய பேருக்கு கர்ப்பமா இருக்கும்போது சோரியாசிஸ் தானாவே கொறையும், பிரசவத்துக்கப்புறம் ஏறும், அதுக்கும் முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க.

புது மருந்து ட்ரயல்ல கர்ப்பிணிகள சேக்கறதில்ல, அதனாலதான் கர்ப்பத்துல எது பாதுகாப்புன்னு தகவல் இவ்வளவு கம்மியா இருக்கு. எனக்கு இதுல ரொம்ப நாளா கோவம் உண்டு, ஆனா அதச் சரி பண்ற பொறுப்ப உங்க அக்கா தலையில வைக்க முடியாது.

சேது_மதுரை:
போன் பண்ணியாச்சா தம்பி? அக்காவ நேர்ல கூட்டிட்டுப் போங்க, மாமாவையும் சேத்து. அம்மாகிட்ட ட்ரயல் இப்போதைக்கு இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க.

பவானி_கார்த்தி:
பண்ணியாச்சுங்கண்ணா. இந்த வாரம் மாத்திரை எடுக்க வேணாம், நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டாங்க. லைட் ட்ரீட்மெண்ட் ஈரோட்டுல எங்க இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, வாரத்துக்கு மூணு தடவ போகணுமாம், பஸ் வசதி பாக்கணும்.