பிள்ளையின் வயலினில் டேப் ஒட்டலாமா?

பெரம்பூர்_அப்பா:
மகளுக்கு 7 வயது. வயலின் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. டீச்சர் விரல் பலகையில் விரல் வைக்கும் இடம் தெரிய நாலு கோடு டேப் ஒட்டி, முதல் மாதமே ஒரு குட்டிப் பாட்டு வாசிக்க வைத்துவிட்டார். ஊரிலிருந்து வந்த மாமா பார்த்துவிட்டு, "இது வயலினா, ஹார்மோனியமா? பிய்த்துப் போடு" என்கிறார். அவர் காலத்தில் ஆறு மாதம் வாயால் பாடிய பிறகுதான் வில்லையே தொடவிட்டார்களாம். என்ன செய்வது?

தண்டையார்பேட்டை_கிழவன்:
மாமா சொன்னதுதான் சரி. வீணைக்கு விரல் இடம் காட்டும் மெட்டு உண்டு, வயலினுக்குக் கிடையாது. முதல் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் பாடிக் காட்டாமல் எங்கள் வாத்தியார் வயலின் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். அந்தப் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளை காதில் ஏறிவிட்டால் விரல் தானே இடத்தைத் தேடிப் போகும். டேப் ஒட்டினால் பிள்ளை கண்ணால்தான் வாசிக்கும்.

ராயபுரம்_கிரேடு5:
சார், உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை கற்றார்கள்? என் அண்ணன் பாடச் சொன்னதற்கே ஓடிவிட்டான். எனக்கும் நாலு கோடு ஒட்டினார்கள். ஒவ்வொன்றாக உரித்து, ஒரு வருடத்தில் பசைத்தடம்தான் மிச்சம். காதை யாரும் விடவில்லை. ஜப்பானின் வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, பிள்ளை தாய்மொழி கற்பது மாதிரி வயலின் கற்க வேண்டும் என்றார். பேச வந்த பிறகுதானே எழுத்து? அதுபோல, கேட்டுக் கேட்டு வாசிப்பது முதலில், நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பது அப்புறம். வகுப்பில் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும்.

தண்டையார்பேட்டை_கிழவன்:
அதைத்தானே தம்பி நாங்கள் கேள்வி ஞானம் என்றோம்! சரி, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்கு எங்கே கோடு போடுவீர்கள்? அது ஒரு இடத்தில் நிற்காதே.

மணலி_மச்சான்:
மரபு மரபு என்கிறீர்கள், வயலினே வெள்ளைக்காரனிடமிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் கற்றார், எங்க ஊர் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில். அவர்கள் நின்று வாசித்ததை நாம் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். தந்திகளின் சுருதியையும் மாற்றிக்கொண்டோம். 200 வருடமாக இவ்வளவு மாற்றியவர்களுக்கு டேப்தான் தீட்டா?

பெரம்பூர்_அப்பா:
மாமா தன்னுடைய முழு அளவு வயலினைத் தருகிறேன் என்கிறாரே, வாங்கிக்கொள்ளவா?

தண்டையார்பேட்டை_கிழவன்:
ஐயோ, வேண்டாம்ப்பா. 8 வயதில் எனக்கு அண்ணனின் பெரிய வயலின்தான். சுண்டுவிரல் எட்டாமல் மணிக்கட்டை மடக்கிப் பழகியது இன்னும் போகவில்லை. இப்போது கால், அரை அளவெல்லாம் கிடைக்கிறதே, கையை அளந்து வாங்கு. இது ஒன்றில் புதுசுக்கு என் ஓட்டு.

பெரம்பூர்_அப்பா:
நேற்று ராத்திரி கரண்ட் போனது. இருட்டிலேயே வாசிம்மா என்றேன். மூன்றாவது விரல் சரியான இடம் தப்பி விழுந்து சுருதி கொஞ்சம் இறங்கியது. நான் வாயே திறக்கவில்லை. அவளே "ச்சே" என்று விரலை நகர்த்தி மறுபடி வாசித்தாள்.

ராயபுரம்_கிரேடு5:
அப்போ அந்த மூன்றாவது கோட்டை உரிக்கலாம் அண்ணா.

தண்டையார்பேட்டை_கிழவன்:
நாலையும் உரி.