முகம் பார்த்து மாறும் பதிலுக்கு என்ன பெயர்?

அன்புடையீர், வணக்கம். கருத்தாய்வில் கேள்வி கேட்க வருபவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுவதை ஆங்கிலத்தில் 'இன்டர்வியூவர் எஃபெக்ட்' என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> 'இன்டர்வியூவர் எஃபெக்ட்' என்பதற்குப் 'பேட்டியாளர் விளைவு' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன், ஐயா. பேட்டியாளர் என்றதும் மைக் பிடித்த செய்தியாளர்தான் நினைவுக்கு வருகிறார். படிவத்தோடு வீடு வீடாகப் படியேறுபவர் வருவதில்லை. 'விளைவு' என்பதோ மொட்டையாக நிற்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1951 முதல் டெட்ராய்ட் நகர வட்டாரத்தில் கருத்தாய்வு நடத்திவந்தது. 1967 ஜூலையில் அங்கே பெருங்கலவரம். 43 பேர் இறந்தார்கள். மறு வருட ஆய்வில் ஹோவர்ட் ஷூமனும் ஜீன் கான்வர்ஸும் கேட்பவரைப் பார்த்துப் பதில் மாறுகிறதா என்று சோதித்தார்கள். கறுப்பினத்தவர் வீடுகளில் சிலவற்றுக்குக் கறுப்பினத்தவர் போனார், சிலவற்றுக்கு வெள்ளையர். கேள்விகள் ஒன்றேதான். சொந்த விவரம், வாழ்க்கை நிலை, பட்ட பாகுபாடு ஆகியவற்றில் பதில் பெரிதாக மாறவில்லை. வெள்ளையரை நம்பலாமா என்று கேட்டபோதுதான் மாறியது. வாசலில் நிற்பவர் வெள்ளையர் என்றால் பதிலில் காரம் குறைந்தது.

இதற்கு 'முகதாட்சண்யம்' கிட்டத்தட்டப் பொருந்துகிறது. வடசொல் என்பதற்காக அதை நான் ஒதுக்கவில்லை. அதில் இரக்கமும் மரியாதையும் இருக்கின்றன, அச்சம் இல்லை. தெருவில் ராணுவம் இறங்கிப் போன ஊரில் ஒருவர் வாயை அடக்கிப் பேசுவதைத் தாட்சண்யம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. குறள் இரக்கம் என்ற பொருளில் சொல்லும் 'கண்ணோட்டம்' நல்ல தமிழ்தான். ஆனால் இன்று அதற்குப் பார்வைக்கோணம் என்றே பொருள் ஆகிவிட்டது. கருத்தாய்வுப் பாடத்தில் அதை வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

என் பரிந்துரை: 'முகம்பார் சாய்வு'. 'ஆள் முகம் பார்த்துப் பேசுகிறார்' என்று எல்லாரும் சொல்கிறோம். அதில் மரியாதையும் அடங்கும், பயமும் அடங்கும். 'சாய்வு' பதில் ஒரு பக்கம் சரிவதைக் காட்டுகிறது.

> தொலைபேசியில் முகமே இல்லையே?

நல்ல கேள்வி, அம்மா. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 1982இல் தொடங்கிய ஆய்வு தொலைபேசி வழியாகத்தான் நடந்தது. ஆனால் குரலைக் கேட்டதுமே எந்த ஊர், எந்த இனம், எவ்வளவு படிப்பு என்று மனம் ஒரு முகத்தை வரைந்துவிடுகிறது. அதனால் சொல் அங்கேயும் செல்லும். ஆளே இல்லாத இணையப் படிவத்துக்கு இது பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

அப்புறம், கேள்வி கேட்பவருக்கு ஒரு சொல் வேண்டும். 'கேட்பவர்' என்றால் காது கொடுப்பவரும் அவரே ஆகிவிடுகிறார். 'வினவுநர்' என்று வைத்துக்கொள்ளலாமா? 'வினவுநரின் முகம்பார் சாய்வு' என்று ஒரு வரியில் எழுதிப் பார்த்தேன், எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.