புது கிடார் ஸ்பீக்கரை ஓட்டிப் பழக்க வேண்டுமா?

மாயவரத்துக் கம்பி:

15 வாட் வால்வு காம்போ ஆம்ப் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), பின்பக்கம் திறந்த பெட்டி. உள்ளே இருந்த பழைய 12 இஞ்ச் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு செலஸ்டியன் வின்டேஜ் 30 போட்டிருக்கிறேன், 8 ஓம். கல்யாண மெல்லிசை, சர்ச் இரண்டுக்கும் இதே ஆம்ப்தான். லீட் (தனி மெலடி) வாசித்தால் காதில் குத்துகிறது. "40 மணி நேரம் ஓட்டு, தானா இறங்கிடும்" என்கிறார்கள். நிஜமாகவே இறங்குமா?

வீட்டில் பக்கத்துச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்று, சத்தமாக வைக்க வழியில்லை. 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 50 ஹெர்ட்ஸைக் கொடுத்து ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா? கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

குடந்தை வால்வு:

இறங்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

கோனை, அதாவது ஒலி எழுப்பும் காகிதக் கூம்பை, பிடித்திருப்பவை இரண்டு. வெளி விளிம்பு, கிடார் ஸ்பீக்கரில் அது பெரும்பாலும் ரப்பர் கிடையாது, கோன் காகிதமே மடிப்பு மடிப்பாக வந்து ஃபிரேமில் ஒட்டியிருக்கும். பின்னால், காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றி ஸ்பைடர், பிசினில் தோய்த்து அச்சில் அழுத்திய துணி. புதிதில் அந்தப் பிசின் விறைப்பாக இருக்கும். கோன் முன்னும் பின்னும் போகத் தொடங்கியதும் இழைகளுக்கு நடுவே பிசின் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். ஸ்பைடர் தளர்ந்தால் ரெசொனன்ஸ் (கோன் இயல்பாகவே அதிகம் அதிரும் அலைவரிசை) சில ஹெர்ட்ஸ் இறங்கும்.

வின்டேஜ் 30க்கு கம்பெனி சொல்லும் ரெசொனன்ஸ் 75 ஹெர்ட்ஸ். கிடாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். ஆக, மாற்றம் பெரும்பாலும் நடப்பது அடிக்கம்பிகளின் பக்கத்தில்: கீழ் ஒலி கொஞ்சம் இளகும், பவர் கார்டு (அடிக்கம்பிகளில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து அடிப்பது) வாசித்தால் விறைப்பு குறையும். உங்கள் காதில் குத்துவது 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அங்கே ஒலியைத் தீர்மானிப்பது கோன் காகிதத்தின் தடிமன், அதன் வடிவம், நடுவில் இருக்கும் குமிழ் மூடியான டஸ்ட் கேப். விளிம்பு இளகுவதால் அங்கே லேசாக மழுங்கலாம், அவ்வளவுதான். இந்த மாடலுக்கு அந்தப் பகுதியில் ஒரு மேடு உண்டு. பலர் இதை வாங்குவதே அதற்காகத்தான். 400 மணி நேரம் ஓட்டினாலும் இது கிரீன்பேக் (அதே செலஸ்டியனின் இன்னொரு மாடல்) ஆகாது. புதுத் தோல் போட்ட மிருதங்கம் வாசிக்க வாசிக்கப் படிவதை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். அங்கே ஒலிப்பதே தோல். இங்கே தளர்வது கோனைத் தாங்கும் துணி.

நேரம் என்று பார்த்தால், பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். பிறகு பழகுவது முக்கால்வாசி உங்கள் காது.

இன்னொன்று: இது ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கர். பழையது 97 என்றால், அதே வால்யூமில் ஆம்ப்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சத்தம் கூடினாலே குத்தல் கூடியதாகத் தோன்றும். முதலில் வால்யூமை இறக்கி, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கடைமடை:

டிரான்ஸ்ஃபார்மர் முறை வேலை செய்யும் தம்பி, ஆனா கட்டுற விதத்துலதான் எல்லாம் இருக்கு.

முதல்ல ஸ்பீக்கர் வயரை ஆம்ப்லேர்ந்து முழுசா கழட்டுங்க. கழட்டாம 6 வோல்ட் கொடுத்தா அது ஆம்ப்புக்குள்ள வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்குற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா பின்னாடி ஏறி, வால்வு இருக்குற பிரைமரி பக்கம் 150, 200 வோல்ட்டா நிக்கும். கழட்டின பிறகு ஆம்ப்பை ஆன் பண்ணவும் கூடாது. லோடு இல்லாம வால்வு ஆம்ப் ஓடினா இன்சுலேஷன் போய், ஸ்பீக்கர் விலையைவிட பெரிய செலவா முடியும்.

டிரான்ஸ்ஃபார்மர் 6 வோல்ட் 1 ஆம்பியர் போதும். 8 ஓமுக்கு நாலரை வாட் போகும். கடையில பெரும்பாலும் 6-0-6 தான் கொடுப்பாங்க. நடு வயரும் ஒரு ஓர வயரும் மட்டும் எடுங்க. ரெண்டு ஓரத்தையும் எடுத்தா 12 வோல்ட், 18 வாட். அதை 60 வாட் ஸ்பீக்கர் தாங்கும், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு தொடர்ல போடுங்க. வேரியாக்கை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்குற டிரான்ஸ்ஃபார்மர்) நேரா ஸ்பீக்கர்ல கட்டுறவங்க இருக்காங்க. அது ஒரே சுற்று, மெயின்ஸ்லேர்ந்து பிரிவே கிடையாது. டெர்மினலைத் தொட்டா ஆளைப் பிடிச்சுடும்.

சத்தத்துக்கு வழி: ஸ்பீக்கரை பெட்டியிலேர்ந்து வெளிய எடுத்து, மடிச்ச துண்டு மேல காந்தம் கீழே இருக்குற மாதிரி வைங்க. பெட்டி இல்லாததால முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், ஹம் நல்லாவே அடங்கும். கோன் மொத்தமா 2 மி.மீ. அசைஞ்சா போதும். 'டக் டக்'னு கேட்டா காயில் தட்டுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. மூணு மணி நேரம் தாராளம். அரை மணிக்கு ஒரு தரம் பிளக்கைப் பிடுங்கிட்டு டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைத் தொட்டுப் பாருங்க.

டிரான்ஸ்ஃபார்மர் வேணாம்னா, போன்ல 30 ஹெர்ட்ஸ் டோன் வச்சு வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ல கொடுக்கலாம். கிடார் ஆம்ப்ல கொடுக்காதீங்க, அதோட சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 30 ஹெர்ட்ஸை ஒழுங்கா கடத்தாது.

பொன்னி பெடல்:

கடைமடை அண்ணன் சொன்ன முறையில் தப்பில்லை, ஆனால் தேவையே இல்லை என்பேன். இரண்டு கச்சேரி வாசித்தால் அதே வேலை நடந்துவிடும்.

குத்தலுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஆம்ப் இருக்கும் இடம். 12 இஞ்ச் கோன் உச்ச ஒலியை (ட்ரெபிள்) நேர்க்கோட்டில்தான் வீசும். மேடையில் தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்கும், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் போகும். நீங்கள் நிற்கும் இடத்தில் மந்தமாகக் கேட்கிறது என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள். அவர் காதைப் பொத்துவார். ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றி அல்லது பின்னால் சாய்த்து, உங்கள் காதுக்கு நேராக வைத்து ட்ரெபிளைத் திருப்புங்கள். மைக் வைக்கிறீர்கள் என்றால் டஸ்ட் கேப் நடுவிலிருந்து 5 செ.மீ. விளிம்புப் பக்கம் நகர்த்துங்கள். 40 மணி நேரம் ஓட்டுவதைவிட இது அதிகம் மாற்றும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு குழப்பம். காகிதக் கோன் ஈரத்தை இழுத்துக் கனக்கும், ஒலி மந்தமாகும். "பழகிடுச்சு" என்பார்கள், பங்குனி வெயிலில் பழையபடி கேட்கும். ஓதம் ஏறும் சிமெண்ட் தரையில் பெட்டியை வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஈரம் போக ஹேர் டிரையர் அடிக்காதீர்கள், ஒட்டுப்பசை விடும். நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் வாசிப்பவர்கள் டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். (பின்பக்கம் திறந்த பெட்டியில் குளவி கூடு கட்டும். துணி போட்டு மூடுங்கள்.)

மாயவரத்துக் கம்பி:

நன்றி. நாற்காலியில் ஏற்றியதும் பாதி சரியாகிவிட்டது. ஆனால் ஏ கம்பியில் சில சுரங்களில் 'கிர்' என்று ஒரு சத்தம். அது ஓட்டினால் போகுமா?

குடந்தை வால்வு:

போகாது. 'கிர்' சத்தத்துக்கும் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆம்ப்பை அணைத்துவிட்டு, கோனை இரண்டு பக்கமும் விரல்களால் ஒரே சீராக மெல்ல உள்ளே தள்ளுங்கள். சொரசொரப்பு தெரிந்தால் காயில் உரசுகிறது. புது ஸ்பீக்கரில் அடிக்கடி இதற்குக் காரணம் பெட்டித் திருகுகளை ஒரு பக்கமாக இறுக்கி ஃபிரேம் முறுக்கிக்கொள்வதுதான். எல்லாத் திருகையும் தளர்த்தி, எதிரெதிராக, சுற்றுக்குக் கால் திருப்பமாக இறுக்குங்கள். கேஸ்கெட் லேசாக அமுங்கினால் போதும். உரசல் இல்லையென்றால் காயிலிலிருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் வயர் கோனைத் தட்டுகிறதா பாருங்கள். அடுத்து வால்வு கிளிப், பின்பலகை, ஆம்ப் மேல் வைத்திருக்கும் சாமான்கள்.

தளர்த்தி இறுக்கிய பிறகும் உரசினால் கடைக்கு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு யோசனை: நாற்காலி ஏற்றியும் மீதிக் குத்தல் பிடிக்கவில்லையென்றால் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே கிரீன்பேக்காக மாற்றிக் கேளுங்கள். அது 25 வாட்தான், ஆனால் உங்கள் 15 வாட் ஆம்ப்புக்குத் தாங்கும். மாற்றும்போது 8 ஓம் என்று அழுத்திச் சொல்லுங்கள், 16 ஓமும் அதே அட்டைப்பெட்டியில்தான் வரும்.