புதுப்பிப்பு: லண்டன் ரயில் நிலையத்தில் படம் எடுக்கலாமா?

லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கேமராவோடு நிற்க அனுமதி வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சொந்த விருப்பத்துக்கு எடுப்பதென்றால் நிலையத்தை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் தடுப்பதில்லை. வந்ததும் நிலைய ஊழியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விற்பதற்கென்றால் முன்அனுமதி வாங்கவேண்டும்.

ஆனால் பிளாட்பாரத்தில் பிளாஷ் கூடவே கூடாது. ரயில் ஓட்டுபவருக்கோ, கொடி காட்டி அனுப்புபவருக்கோ ஒரு நொடி கண் கூசினாலே ஆபத்து. இந்த விதியை மட்டும் யாரும் தளர்த்திக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ்! மஞ்சள் கோட்டையும் தாண்ட வேண்டாம்.

அப்புறம், டிரைபாட் (கேமரா வைக்கும் முக்காலி) வைக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வழியை மறிக்காமல் வைக்கலாம். கூட்டமான நேரத்தில் மறுப்பார்கள், அது நியாயம்தான். கண்காணிப்புக் கேமராக்களைக் குறிவைத்துப் படமெடுக்காதீர்கள்.