9க்கு 6 மாஸ்டர் பாத்ரூமை கிளாசிக் பாணியில் மாத்தணும்: எதை முதல்ல முடிவு பண்றது?

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில் 1996ல் கட்டின ஃபிளாட், மூணாவது மாடி, மேலே மொட்டை மாடிதான். மாஸ்டர் பாத்ரூம் 9 அடிக்கு 6 அடி, கூரை உயரம் ஒன்பதரை அடி. 6 அடி சுவரில் கதவு, அதுக்கு நேரெதிர் சுவரில் வென்டிலேட்டர். இப்போ பழுப்பு டைல்ஸ், ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், தரையில் உட்கார்ந்த கமோடு. போர் தண்ணி, நல்ல உப்பு. கீழ் வீட்டு சீலிங்கில் ஒரு மூலையில் ஈரம் தெரியுதுன்னு சொல்றாங்க.

மனசில் இருக்கிறது இது: தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் குறுக்குவாட்டில், சுவரில் 4 அடி வரை வெள்ளை 3க்கு 6 அங்குல சின்ன டைல்ஸ், மேலே பெயின்ட், பெடஸ்டல் பேசின், பித்தளை நிறக் குழாய், டெலிபோன் மாதிரி கை ஷவர், இடம் இருந்தால் கால் வைத்த குளியல் தொட்டி. தரைக்கு ஆத்தங்குடி கல் போட்டா எப்படி இருக்கும்னும் ஒரு யோசனை.

வந்து பார்த்த மேஸ்திரி பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிடலாம், மூணு வாரத்தில் முடிச்சிடலாம்னு சொல்றார். சரியா வருமா? எந்த வரிசையில் போகணும்?

ரசமட்டம்:

கீழ் வீட்டில் ஈரம் இருக்கும்போது டைல்ஸ் மேல் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். கசிவு உங்க கண்ணுக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் புது டைல்ஸையே உடைக்க வேண்டி வரும்.

முதல்ல ஈரம் எதனாலன்னு பிரிச்சுப் பாருங்க. இரண்டு நாள் பாத்ரூமைப் பூட்டி வைங்க, ஆனா தண்ணி லைனைத் திறந்தே வைங்க. ஈரம் அப்படியே இருந்தால் சுவருக்குள் ஓடும் ஜிஐ பைப் துருப்பிடிச்சுக் கசியுது. காய ஆரம்பிச்சால் கழிவுப் பக்கம்: தரைத் தண்ணி இறங்குற நானி ட்ராப் ஜாயின்ட், இல்லேன்னா பைப் சுவரையோ ஸ்லாபையோ துளைச்சு வெளியே போகிற இடம். அந்தக் கால ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் காரணம். பைப்பைச் சுத்தி வெறும் சிமென்ட் அடைச்சிருப்பாங்க. சிமென்ட் சுருங்கும், பைப்போட ஒட்டாது, ஒரு மயிரிழை வளையமா இடைவெளி விழும். தண்ணிக்கு அது போதும்.

உங்க பாத்ரூம் அடியில் சங்கன் ஸ்லாப் இருக்கும், அதாவது பைப் ஓடறதுக்காகப் பள்ளமா இறக்கிப் போட்ட தளம். ஒரு அடி ஆழம்னு வெச்சுக்கங்க: 54 கன அடி செங்கல் ஜல்லி, ஏறக்குறைய இரண்டரை டன். அத்தனையும் மூட்டை கட்டிக் கீழே இறங்கணும். லிஃப்ட்டில் ஏத்தலாமா, எத்தனை மணிக்குள் உடைக்கலாம்னு அசோசியேஷன்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க. டைல்ஸுக்கும் பூச்சுக்கும் சின்ன மெஷின் பயன்படுத்தலாம். ஸ்லாபுக்குக் கிட்டே வந்ததும் மெஷினை நிறுத்திட்டு உளியும் சுத்தியலும்தான். பெரிய பிரேக்கர் ஒரு இடத்தில் கம்பி வரை இறங்கினாலும் அதைச் சரிசெய்றது தனி வேலை.

காலி பண்ணினதும் ஸ்லாபைக் கழுவிக் காயவிட்டு, பைப் வெளியேறும் ஒவ்வொரு இடத்திலும் சுத்தி ஒரு விரல் ஆழத்துக்குக் கொத்தி, சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்புற கலவை) ஊத்தி அடைக்கணும். தரையும் சுவரும் சேரும் மூலை நேர்க்கோணமா இருக்கக் கூடாது. கலவையில் இரண்டு அங்குல வட்டா கொடுத்து உருட்டி விடணும். நேர் மூலையில் கோட்டிங் மெலிசா நின்னு முதல்ல கிழியுறது அங்கேதான். அதுக்கு மேல் பவுடரும் திரவமும் கலக்கிற பாலிமர் கோட்டிங், இரண்டு கை. முதல் கை நெடுக்கா, 6 மணி நேரம் கழிச்சு இரண்டாவது கை குறுக்கா. மூலையிலும் பைப் கழுத்திலும் ஃபைபர் வலையை இரண்டு கைக்கும் நடுவில் பதிக்கணும். பக்கெட்டில் கலவை இறுகுதுன்னு தண்ணி ஊத்தி இளக்கினாங்கன்னா அந்தப் பக்கெட்டையே கொட்டச் சொல்லுங்க.

நாலு அஞ்சு நாள் காய்ந்த பிறகு 3 அங்குலம் தண்ணி கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு 72 மணி நேரம் விடுங்க. ஆவியாகிற அளவு கொஞ்சம் இறங்கும், அது பரவாயில்லை. கீழ் வீட்டில் போய்ப் பார்க்காம இந்தச் சோதனை முடிஞ்சதா அர்த்தமில்லை.

திரும்ப நிரப்ப செங்கல் ஜல்லி வேண்டாம். ஏஏசி பிளாக் (காத்தறை உள்ள லேசான சிமென்ட் கல்) உடைச்சுப் போட்டால் எடை ஒரு டன் அளவில் நிக்கும். இன்னொரு வழி, சின்னச் சின்ன செங்கல் சுவர் எழுப்பி மேலே கடப்பா கல் பரப்புறது; உள்ளே காலியாவே இருக்கும், நாளைக்கு ஒரு கல்லைத் தூக்கி பைப்பைப் பார்க்கலாம். எதைச் செஞ்சாலும் சங்கனோட அடிமட்டத்தில் ஒரு அங்குல பைப் ஒண்ணை வெளிச்சுவர் வழியா விட்டு வைங்க. உள்ளே தண்ணி இறங்கினால் அது சொட்டும், உங்களுக்குத் தெரிஞ்சிடும். மேலே ஸ்கிரீட் (மட்டப்படுத்துற சிமென்ட் பூச்சு) போட்ட பிறகு இன்னொரு முறை கோட்டிங்: தரை முழுக்க, சுவரில் ஒரு அடி, ஷவர் பக்கம் 7 அடி.

மூணு வாரத்தில் முடியாது. காய வைக்கிற நாளும் தண்ணி கட்டுற நாளுமே பத்துப் பன்னிரண்டு ஆகும். ஆறு வாரம்னு வைங்க.

குழாயடி:

ரசமட்டம் சொன்னதோட என் பக்கம்.

தொட்டியை விட்டுடுங்க. ஐந்தரை அடித் தொட்டியை 6 அடி அகலத்தில் வெச்சால் இரண்டு பக்கமும் 3 அங்குலம்தான் மிஞ்சும். கை நுழையாது, கீழே அழுக்கும் முடியும் சேரும். வார்ப்பிரும்புத் தொட்டி தன் எடையே நூறு கிலோவுக்கு மேல். தண்ணியும் ஆளும் சேர்ந்தால் 400 கிலோவைத் தொடும், அது நாலு சின்னக் காலில் நிக்கும். குளியலறைத் தரைக்கு நம்ம தர நிர்ணயம் ஐஎஸ் 875 சொல்ற சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. எஞ்சினியர் பார்க்காம அதைச் செய்யக் கூடாது.

ஷவர் விஷயத்தில் அழுத்தத்தை முதல்ல கணக்குப் பாருங்க. மேல் மாடி உங்களுடையது. டேங்க் அடிமட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் நடுவில் 8 அடி இருந்தால் அழுத்தம் கால் பார்தான். 8 அங்குல மழை ஷவர் நல்லா கொட்ட ஒரு பாராவது வேணும். இப்படியே மாட்டினால் நடுவில் இருந்து நூல் மாதிரி ஒழுகும். பிரஷர் பம்ப் வைக்கிறதா இருந்தால் உங்க லைனில் மட்டும் வைங்க, அதுவும் சுடுதண்ணி, பச்சைத்தண்ணி பிரியறதுக்கு முன்னாடி. ஒரு பக்கம் மட்டும் ஏத்தினால் மிக்ஸரில் அழுத்தம் அதிகமான பக்கம் மத்ததைத் தள்ளிடும், ஷவரில் வெந்நீரே வராது.

பைப் முழுக்க சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்குற பிளாஸ்டிக். முக்கால் அங்குலத்தில் வந்து பாயின்ட்டில் அரை அங்குலம். பாயின்ட் முனையில் பித்தளைத் திரெட் உள்ள எல்போதான் போடணும். பிளாஸ்டிக் திரெட்டில் குழாயை இறுக்கினால் சுவருக்குள் விரியும். பூசி மூடுறதுக்கு முன்னாடி கைப்பம்ப் வெச்சு 7 கிலோ அழுத்தம் ஏத்தி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் முள் இறங்கியிருக்கக் கூடாது.

கமோடு வாங்குறதுக்கு முன்னாடி, பின்சுவரிலிருந்து தரைத் துளையின் நடு வரை அளங்க. 9 அங்குலமா 12 அங்குலமாங்கறது முடிஞ்ச டைல்ஸ் முகத்திலிருந்து அளக்க வேண்டியது, வெறும் சுவரிலிருந்து இல்லை. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து முக்கால் அங்குலம் தின்னும். அதை மறந்தால் கமோடு சுவரில் இடிக்கும்.

பித்தளை நிறம்: உங்க தண்ணிக்கு யோசிச்சுச் செய்ய வேண்டிய இடம் இது. லாக்கர் பூசின பித்தளை உப்புத் தண்ணியில் ஓரத்திலிருந்து உரியும். பூச்சே இல்லாத பித்தளை கறுக்கும், ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் திட்டா நிக்கும். பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாப் படிய வெச்ச கெட்டிப் பூச்சு) உள்ளதுதான் தாங்கும், விலை கூட. அது கட்டுப்படி ஆகலைன்னா குரோமே போடுங்க. இரட்டைக் கைப்பிடி, வெள்ளைப் பீங்கான் பொத்தான் வெச்ச குரோம் குழாயும் அசல் பழைய பாணிதான், துடைச்சால் பளிச்னு வரும். எதுவானாலும் அறைக்குள் ஆசிட் பாட்டில் வரக் கூடாது. அதோட புகை பட்டாலே குரோமில் புள்ளி விழும்.

கீசர் 2 கிலோவாட்னா 9 ஆம்பியர் இழுக்கும், 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போதும். 3 கிலோவாட்னா 4. போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டை வெட்டுற சுவிட்ச்) கட்டாயம்.

கட்டம்:

டைல்ஸ் பத்தி மட்டும் சொல்றேன்.

ஆத்தங்குடி கல் சிமென்ட் கல், சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் கலர்க் கலவையை ஊத்தி வார்க்கிறதால வர்ற வழவழப்பு அது. வறண்ட கூடத்தில் காலுக்கு அவ்வளவு சுகம். ஈரப் பாத்ரூமில் வழுக்கும், சோப்புத் தண்ணி உறிஞ்சும், ஒரே ஒரு தடவை ஆசிட் பட்டால் கலர் போயிடும். ரொம்ப ஆசைன்னா படுக்கையறைப் பக்கம், கதவுக்கு வெளியே போடுங்க. வெள்ளை மார்பிளும் அப்படித்தான், சுண்ணாம்புக் கல். எலுமிச்சை பட்டாலும் மங்கும், போர் தண்ணியில் இரும்பு இருந்தால் மஞ்சள் ஏறும். ஷவரைப் பிரிக்கிற நடுத் தடுப்புக்கும் வாசல் படிக்கும் கறுப்பு கிரானைட் போடலாம், பயமில்லை.

தரைக் கட்டத்துக்கு 300 மி.மீ. மேட் டைல்ஸ், வழுக்கல் தரம் ஆர் 10க்குக் குறையாம. குறுக்குவாட்டுக் கட்டத்தை ஓரத்திலிருந்து ஆரம்பிச்சால் எதிர்ச் சுவரில் ஒல்லி முக்கோணமா முடிஞ்சு பார்க்கச் சகிக்காது. உங்க அளவுக்குக் கணக்கு இது: 2 மி.மீ. சந்தோட ஒரு டைல்ஸின் மூலைவிட்டம் 427 மி.மீ. அகலத்தில் நாலு மூலைவிட்டம் 1708. முகத்துக்கு முகம் 6 அடி, அதாவது 1829 இருந்தால், இரண்டு பக்கமும் 60 மி.மீ. கறுப்பு பார்டர் சரியா உட்காரும். நீளத்தில் மூன்றரை மூலைவிட்டமும் இரண்டு பார்டரும் சேர்ந்து 1615 மி.மீ., அதாவது 5 அடி மூன்றரை அங்குலம். அந்த இடத்தில் 4 அங்குலத் தடுப்பை வைங்க, ஷவருக்கு 3 அடி 4 அங்குலம் கிடைக்கும். தடுப்பு எங்கேன்னு முடிவாகிறது இந்தக் கணக்கில்தான். அதனால பிளம்பர் ட்ராப்பைப் பதிக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கோட்டைத் தரையில் அடிச்சுக் காட்டிடுங்க.

ஷவருக்குள் கட்டம் வேண்டாம். நாலு பக்கமிருந்தும் ட்ராப்புக்கு வாட்டம் கொடுக்கணும், பெரிய டைல்ஸ் அதுக்கு வளையாது. வெள்ளை அறுகோண மொசைக் போடுங்க, அடிக்கு அடி தாளில் ஒட்டி வரும், வாட்டத்தோட படியும். உள்ளே 60க்கு 1, வெளியே 100க்கு 1 வாட்டம்.

சுவருக்கு வர்றேன். 3க்கு 6 டைல்ஸ் 1904ல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஒட்டினது. கழுவ எளிது, வெளிச்சத்தைத் திருப்பித் தரும்னுதான் அங்கே எடுத்தாங்க, உங்க ஒத்தை வென்டிலேட்டர் அறைக்கும் அதே காரணம் பொருந்தும். ஷவரின் மூணு சுவர் 7 அடிக்கு 93 சதுர அடி, மீதி 4 அடிக்கு 57, மொத்தம் 150. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 165. சதுர அடிக்கு 8 வீதம் 1,320 டைல்ஸ். எல்லாம் ஒரே பேட்ச் நம்பரான்னு பெட்டியில் பாருங்க, வெள்ளையில்தான் நிற வித்தியாசம் பளிச்னு தெரியும்.

உயரம்: கீழே 4 அங்குலக் கறுப்பு ஸ்கர்ட்டிங், அதுக்கு மேல் 14 வரிசை, மேலே 2 அங்குலத் தொப்பி. சந்தும் சேர்ந்து 4 அடிக்குக் கொஞ்சம் கூட வரும், வெட்டுத் துண்டு ஒண்ணும் விழாது.

சின்ன டைல்ஸில் சந்து அதிகம். 1க்கு 2 அடி டைல்ஸுக்கு ஆகிறதைப்போல நாலு மடங்கு கிரவுட் பிடிக்கும். ஷவரில் எபாக்சி (ரெசின்) கிரவுட் கட்டாயம். பத்து நிமிஷத்துக்குள் தேய்க்கிற அளவுதான் ஒரு தடவைக்குக் கலக்கணும், உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்கணும். மறுநாள் துடைச்சுக்கலாம்னு விட்டால் டைல்ஸ் முகத்தில் படலம் ஒட்டிப்போகும். ஒட்டுறதுக்கு ஐஎஸ் 15477ல் டைப் 2க்குக் குறையாத பசை, 6 மி.மீ. பல் கரண்டி. சுவர் பூச்சு தூக்குக்குண்டுக்குச் சரியா இருக்கணும். பெரிய டைல்ஸ் மேடுபள்ளத்தை மறைக்கும், சின்ன டைல்ஸ் ஒவ்வொண்ணா காட்டிக்கொடுக்கும்.

மொட்டைமாடி:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. தொட்டியும் ஆத்தங்குடியும் வேண்டாம்னு முடிவு. குரோம்தான். இரண்டு சந்தேகம்: 4 அடிக்கு மேல் பெயின்ட் நிக்குமா? பெடஸ்டல் பேசினுக்குக் குழாய் பாயின்ட் எங்கே வரணும்?

ரசமட்டம்:

பெயின்ட் நிக்கும், அடியில் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இல்லாமல் இருந்தால். பழைய பட்டியைச் சுரண்டி, வெள்ளை சிமென்ட் பட்டி மெலிசா இரண்டு கை, பிரைமர், அப்புறம் பூஞ்சை எதிர்ப்பு உள்ள அக்ரிலிக் எமல்ஷன். அறை 513 கன அடி. 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை வென்டிலேட்டரில் வெச்சு, குளிச்ச பிறகும் 20 நிமிஷம் ஓட விடணும். கதவு அடியில் அரை அங்குலம் இடைவெளி இல்லைன்னா ஃபேன் சுத்தும், காத்து நகராது.

குழாயடி:

பேசினைக் கையில் வாங்கின பிறகு பாயின்ட் அடிங்க. படத்தைப் பார்த்து அடிக்காதீங்க. தூணுக்குப் பின்னால் இருக்கிற குழி ஒவ்வொரு மாடலிலும் வேற. ஆங்கிள் வால்வ் அதுக்குள்ளே ஒளியணும். விளிம்பு 32 அங்குலத்தில் நிக்க வெச்சு, கழிவுத் துளையையும் இரண்டு வால்வையும் சுவரில் பென்சிலால் குறிங்க. 'கட்டம்' சொன்ன டைல்ஸ் வரிசைக் கோட்டோட ஒப்பிட்டு, துளை டைல்ஸின் நடுவிலோ சந்திலோ விழும்படி அரை அங்குலம் இப்படி அப்படி நகர்த்தலாம். டைல்ஸ் ஓரத்தில் துளை விழுந்தால் போடும்போதே உடையும். பேசின் தூணில் மட்டும் நிக்கக் கூடாது, பின்னால் சுவரில் இரண்டு போல்ட் பிடிக்கணும்; அந்த இடத்தில் பூச்சுக்கு அடியில் முழுச் செங்கல் இருக்கான்னு தட்டிப் பார்த்துக்கங்க.